சத்தம் போடாத வண்டி

இந்த ஹிஸ்புல்லாவுக்கு வாகனத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது பதியுதீன் ஹாஜியாருக்கு முதல் கேள்வியிலேயே விளங்கிவிட்டது.

ஹைபிரிட் பெட்டரி எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டதற்கு, "அது பாவிக்கிறதைப் பொறுத்தது ஹாஜியார்" என்கிறான்.

பொறுத்தது! பாலாவிச் சந்தியில் இத்தனை பெரிய கார்சேல் வைத்திருப்பவன் சொல்லும் மறுமொழியா இது? பல் குத்துகிற ஈர்க்குக்கூடத்தான் பாவிக்கிறதைப் பொறுத்தது.

ஹாஜியார் விடவில்லை. ஜப்பானிலிருந்து வந்திருந்த அந்த நீட்டு வேகனை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். கற்பிட்டிப் பக்கத்து உப்புக் காற்றுக்கு அடிப்பாகம் துருப்பிடிக்குமா? மாரியில் ரோட்டில் வெள்ளம் நின்றால் பெட்டரிக்குள் தண்ணீர் போகுமா? பின்சீற்றில் பாதியை மடித்து மாம்புரித் தோட்டத்து வெங்காய மூடைகளைப் போட்டால், மிச்சப் பாதியில் பேரப்பிள்ளைகள் இருக்க இடம் வருமா? நாளைக்கு விற்கப் போனால் விலை நிற்குமா?

எல்லாவற்றுக்கும் விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார். டோஹாவில் இருக்கிற மகன் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். தேங்காய் வியாபாரம் செய்தவர் விடைக்காகக் கேட்பதில்லை. ஆளை அளக்கத்தான் கேட்பார்.

"மீற்றரப் பாருங்க ஹாஜியார். கொஞ்சம்தான் ஓடி இருக்கு."

"நீயே வாசி. எவ்வளவு பொய் சேக்கிறாய் எண்டு பாப்பம்."

அவன் வாசித்தான். ஹாஜியார் மூக்கால் சிரித்தார்.

அதுவரை தகரக் கூரையின் கீழ் நிழலுக்கு நின்ற மனைவி ஜுனைதா அப்போதுதான் கிட்ட வந்தாள்.

"முன்சீற்ற நல்லாக் கிட்ட இழுக்கலாமா மகன்?" என்று ஹிஸ்புல்லாவைக் கேட்டாள்.

ஹாஜியாருக்குத் தலை குனிந்துவிட்டது. இவ்வளவு நேரம் கட்டி எழுப்பிய மதிப்பை ஒரே கேள்வியில் தரைமட்டமாக்க இவளால்தான் முடியும்.

அவள் அத்தோடு நிறுத்தவில்லை. பின்னுக்கு எடுக்கும்போது கெமராவில் தெளிவாகத் தெரியுமா? பக்கத்தில் என்னவும் வந்தால் சத்தம் போடுமா? வண்டியை நிறுத்திவிட்டு மணித்தியாலக் கணக்காக ஆள் உள்ளே இருந்தால் ஏசி ஓடுமா?

"ஓம் மாமி, ஹைபிரிட்டில அதுதானே வசதி" என்று ஹிஸ்புல்லா முகம் மலர்ந்து விளக்கத் தொடங்கினான். மடையனுக்கு ஏற்ற கேள்வி கிடைத்துவிட்டது.

நிறுத்தின வண்டிக்குள் மணித்தியாலக் கணக்காக இருந்து இவள் என்ன செய்யப் போகிறாள்? அடுத்ததாக இது பிட்டு அவிக்குமா என்று கேட்பாள். கண் இருக்கிறவன் சில்லைப் பார்ப்பான், எஞ்சினைப் பார்ப்பான். பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஏசியும் கெமராவும்தான்.

ஹிஸ்புல்லா சாவியைக் கொண்டுவந்தான். "ஒரு ஓட்டம் ஓடிப் பாப்பமா?"

முழங்கால் வலிக்கிறது, நீயே ஓட்டு என்று சொல்ல ஹாஜியார் வாயெடுத்தார். வீட்டிலிருந்து புறப்படும்போதே ஆயத்தமாக வைத்திருந்த வசனம் அது.

ஆனால் சாவியை ஜுனைதா வாங்கிக்கொண்டாள்.

அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாரதி ஆசனத்தில் ஏறினாள். சீற்றை முன்னால் இழுத்தாள். பக்கக் கண்ணாடிகளைத் திருத்தினாள்.

இந்தக் கூத்தை வெளியே நின்று பார்ப்பதைவிட உள்ளே இருந்து பார்ப்பது மேல் என்று ஹாஜியார் இடப்பக்கம் ஏறினார். ஹிஸ்புல்லா பின்னால் இருந்து போனை நோண்டத் தொடங்கினான்.

"முதல்ல ஸ்டார்ட் பண்ணு! சும்மா பிடிச்சிக்கொண்டு இருந்தா ஓடுமா?" என்று ஹாஜியார் சிரித்தார்.

"ஸ்டார்ட்லதான் இருக்கு ஹாஜியார்" என்றான் ஹிஸ்புல்லா பின்னாலிருந்து. "முன்னுக்கே பச்சை லைட் எரியுதே."

"எனக்குத் தெரியும்" என்றார் ஹாஜியார்.

வண்டி ஒரு முணுமுணுப்புமில்லாமல் நழுவி வாசலைத் தாண்டியது. ஜுனைதா சிக்னல் போட்டாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், இடப்பக்கம் திருப்பினாள். சீமெந்துத் தூசி படிந்த ரோட்டில் வேகன் பால் ஊற்றினதுபோல் போனது.

ஹாஜியார் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டார்.

"எங்க பழகினாய்?"

"புத்தளத்துல, லேர்னர்ஸ்ல. லைசனும் கையில இருக்கு."

"நீ மார்க்கப் பயான் கேக்கவெல்லோ போனாய்?"

"அப்பிடித்தான் ஒங்களுக்குச் சொன்னன்."

மார்க்கத்தின் பெயரால் பொய்! ஹாஜியாரின் நாக்கு நுனிக்கு ஏச்சு வந்துவிட்டது. பின்னால் ஒருவன் இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் வாயைத் திறந்தார்.

ஜுனைதா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினாள்.

"சுபஹுத் தொழுதிட்டு குர்ஆன விரிச்சி வெச்சி ஓதுறீங்க. பெருநாளையில இருந்து ஒரு பக்கமும் திருப்பல்ல."

சிலாபத்துக் கண் டொக்டர் சொன்னதை ஹாஜியார் மகனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த சூறாக்களை ஓதி ஓதியே நாட்களைக் கடத்திவிடலாம் என்று நினைத்திருந்தார்.

முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினார்.

முன்கண்ணாடியில் கறுப்பாக என்னவோ பெருத்துக்கொண்டு வந்தது. அதற்கு ஓரமும் இல்லை, உருவமும் இல்லை.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முன்னுக்கு என்ன வருது?" என்று கேட்டார்.

"லொறி" என்றாள் ஜுனைதா. வண்டியை ஓரம் எடுத்தாள். "போகட்டும்."