அந்தக் கல்லை எங்கே கொட்டினார்கள்

நாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரிங்கிட். சிவநேசன் தம்புசாமிக்குத் தரவேண்டிய கூலி.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிவநேசனின் சுற்றுலாக் கடையைப் புதுப்பித்தபோது பழைய சுவரை இடித்து, தரை ஓட்டைப் பெயர்த்து, ஆறு லோரி கல்லும் மண்ணும் அள்ளிய வேலைக்கு.

மூன்று மாதம் நடையாய் நடந்ததில் செருப்புதான் தேய்ந்தது. நாலாம் மாதம் சிவநேசன் காசுக்குப் பதில் ஒரு டிக்கெட்டை நீட்டினான். டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அஜந்தா, எல்லோரா. பதினோரு நாள். யாரோ கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்ட இடம்.

அது வேண்டாமென்றால் தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்றான். வந்தவரைக்கும் லாபம் என்று தம்புசாமி விமானம் ஏறினார்.

திரும்பி வந்து இரண்டு நாள் ஆகிறது. இப்போது அதே கடையில், புதுக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, ஏர்கோன் காற்றில் உட்கார்ந்திருக்கிறார். லோரிக்குப் பின்சக்கரம் எல்லாம் மொட்டை. மாதக் கடைசிக்குள் மாற்றாவிட்டால் லோரி ரோட்டில் ஏறாது, வீட்டில் உலையும் ஏறாது. அதைச் சொல்லி பாதியாவது வாங்கலாம் என்றுதான் வந்தார்.

சிவநேசன் ஒரு காகிதத்தைத் தள்ளினான். 'பாக்கி எதுவும் இல்லை' என்று அதில் அடித்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டும்.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவர் தம்புசாமி. எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பார்.

"அப்புறம் அண்ணே, தாஜ்மகால் எப்படி?"

"நாப்பத்தொரு பஸ் நின்னுச்சு பாஸ்."

உண்மைதான். ஆக்ராவில் அவர் பார்த்தது பஸ் நிற்கும் இடம். கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே இருபத்திரண்டு பேரின் பெட்டிகளும் அவர் பக்கம் உருண்டு வந்துவிட்டன. 'நம்ம கம்பெனி ஆளுதான், எல்லாத்தையும் பார்த்துக்குவாரு' என்று சிவநேசன் குழுவிடம் சொல்லி வைத்திருந்தான்.

ஜெய்ப்பூர்க் கோட்டைக்கு எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். அவர் தண்ணீர்ப் பெட்டிகளை ஏற்றினார்.

அஜந்தாவில் சுபாங் ஜெயாவிலிருந்து வந்த ஆன்டி ஒருவரின் முட்டிவலித் தைலம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடினார். குகையெல்லாம் நல்லபடியாக இருப்பதாக ஆன்டி திரும்பி வந்து சொன்னார்.

எல்லோராவில் மட்டும் பஸ் டிரைவர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டார். தம்புசாமி உள்ளே போனார்.

ஒரே மலையை மேலிருந்து கீழே குடைந்து எடுத்த கோயில். இரண்டு லட்சம் டன் கல்லை வெட்டி வெளியே கொண்டுபோனார்கள் என்றான் கைடு. இருபத்திரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். தம்புசாமி தரையைப் பார்த்தார். அவருடையது மூன்று டன் லோரி. அறுபத்தாறாயிரத்துச் சொச்சம் நடை.

எங்கே கொட்டினார்கள் என்று கேட்டார். அது யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு, கைடு ஆன்டியைப் படம் எடுக்கப் போய்விட்டான்.

அதை இப்போது சிவநேசனிடம் கேட்டார்.

"கூலி கைக்கு வந்திருந்தா எங்கயாச்சும் தூரமா கொண்டுபோய்க் கொட்டியிருப்பாங்க லா" என்றான் அவன், போனிலிருந்து தலை நிமிராமல்.

தம்புசாமி தலையாட்டினார். அவருக்கும் அப்படித்தான் பட்டது.

வெளியே ஏதோ வண்டி பீப் பீப் என்று பின்னால் வந்தது.

"எவன் லா அது, கடை வாசல்ல?" என்றான் சிவநேசன். பிறகு சிரித்தான். "டூர் விலை நாலாயிரத்து எண்ணூத்தி எண்பது அண்ணே. கணக்குப் பார்த்தா நீங்கதான் எனக்கு இருபது வெள்ளி தரணும். பரவால்ல, விட்டுட்டேன்."



தம்புசாமி சட்டைப் பையிலிருந்து இருபது ரிங்கிட் நோட்டை எடுத்து, மடிப்பை நீவி, மேசைமேல் வைத்தார். பேனாவை வாங்கினார். அவருக்கு எழுத நேரமாகும். சிவநேசன் கொட்டாவி விட்டான். எழுதி முடித்ததும் காகிதத்தைப் படிக்காமலே கோப்புக்குள் சொருகினான்.

தம்புசாமி வெளியே வந்தார். லோரியை ஓட்டி வந்திருந்த ரமணி அதன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "குடுத்தானா?"

"நான்தான் இருபது வெள்ளி குடுத்தேன்."

கட்டின புருஷனை அவள் ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப டயருக்கு?"

"வேற யாரு சுவத்தையாச்சும் இடிக்கணும்."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி லோரி மண்ணைக் காசு கைக்கு வரும்வரை கொட்ட மாட்டார்கள். நாலு மாதமாகக் கிள்ளானில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் அது தார்ப்பாய்க்குள் கிடந்தது. நேற்று இரண்டு பேரும் மறுபடி அள்ளி ஏற்றினார்கள்.

நடந்து போகிறவர்கள் குறுக்கே வராதபடி தம்புசாமி கையைக் காட்டி நிறுத்தினார். பதினோரு நாள் பஸ்ஸுக்குக் காட்டிப் பழகிய கை.

ரமணி லோரித் தொட்டியைக் கவிழ்க்கும் விசையை இழுத்தாள்.

பழைய சுவர் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கி, கண்ணாடிக் கதவுக்கு ஒரு சாண் முன்னால் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. கதவு வெளியே திறக்கிற கதவு.

உள்ளே சிவநேசன் கோப்பைத் திறந்து காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான். 'பாக்கி எதுவும் இல்லை' என்பதற்குக் கீழே, கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'ஆறாவது லோரி உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தம்புசாமி.'