முன்பெஞ்ச் டியூட்டி

"பின்னாடி பெஞ்சுல ஒருத்தன் பதில் சொன்னா, அதை நீ எதுக்குடி எனக்குத் திரும்பச் சொல்றே? நீ என்ன மைக் செட்டா?"

சாப்பாட்டு இடைவேளை. காலி வகுப்பறையில், வசந்தகுமாரி டீச்சரின் முன்னால் ஏழாம் வகுப்பு மஹதி தலைகுனிந்து நின்றாள். ஹைதராபாத் தார்நாகாவில் அது இங்கிலீஷ் மீடியம் பள்ளிதான். ஆனால் டீச்சருக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். கையில் சிக்கியது தமிழ்க் குழந்தையாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"சும்மாதான் மிஸ்" என்றாள் மஹதி, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக.

இப்படிச் சொன்னால்தான் எனக்குப் புரியும் என்று நினைக்கிறதா இந்தக் குட்டி? டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மாவா? நேத்து சந்தீப், முந்தாநாள் அஸ்வினி, இன்னிக்கு நீ. முறை வச்சு முன்பெஞ்சுக்கு வர்றீங்க. சொன்னதையே திரும்பச் சொல்றீங்க. பீரியட் முடிஞ்சா டக்குனு எழுந்து நின்னு, 'தேங்க்யூ மிஸ்'னு என்னை விரட்டறீங்க. எனக்கென்ன கண்ணு தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

மஹதி வாசல் பக்கம் பார்த்தாள்.

இரண்டு மாதமாகவே டீச்சருக்குச் சந்தேகம். வராந்தாவில் அவளைக் கண்டாலே பிள்ளைகள் கிசுகிசுவென்று பேசுகிறார்கள். போர்டுப் பக்கம் திரும்பினால் வகுப்பு அநியாயத்துக்கு அமைதியாகிவிடுகிறது. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் எந்த ஏழாம் வகுப்பு அப்படி இருந்திருக்கிறது? மெட்டுகுடா வீட்டிலும் இதே கதைதான். ரயில்வேயில் ரிடையர் ஆன கணவர் சாம்பசிவம் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார். என்னவென்று கேட்டால் எரிந்து விழுகிறார். எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள்.

காலையில் ஷோபா டீச்சர் வேறு, "உங்க க்ளாஸ் பசங்களுக்கு வயசுக்கு மீறின மெச்சூரிட்டி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பன்னிரண்டு வயசுல ஏது மெச்சூரிட்டி? அதுக்குப் பேர் விஷமம்" என்று அப்போதே வெட்டிவிட்டாள் வசந்தகுமாரி. தாடி முளைக்கிற வரை பையன்களையும், கல்யாணம் ஆகிற வரை பெண்களையும் நம்பக் கூடாது என்பது அவள் கட்சி.

அதுவும் இந்த வாரம் நம்பவே கூடாது. நாளை வெள்ளிக்கிழமை, பிரின்சிபால் பத்மஜா மேடம் வகுப்பில் உட்கார்ந்து அவள் பாடம் நடத்துவதைக் கவனிக்கப் போகிறார். ஐம்பத்தெட்டு வயசு முடிந்தவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று முடிவாகும். சாக்பீஸ் இல்லாத ஒரு காலைப் பொழுதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நோட்டைக் காட்டு."

மஹதி சயின்ஸ் நோட்டை மார்போடு கட்டிக்கொண்டாள். டீச்சர் பிடுங்கினாள். கடைசி அட்டையில் செலோடேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'முன்பெஞ்ச் டியூட்டி' என்று தலைப்பு. கீழே கிழமைவாரியாகப் பெயர்கள். வியாழனோடு வெள்ளிக்கும் மஹதிதான். பக்கத்தில் சிவப்பு மையில், 'பிரின்சிபால் வருகிறார். உஷார்!'

"அடிப்பாவிகளா! பிரின்சிபால் முன்னாடி என் மானத்தை வாங்க டியூட்டி போட்டிருக்கீங்களா? நாளைக்கு நீ கடைசி பெஞ்சு!"

மஹதி பதறிப்போனாள். "நக்கோ மிஸ், வேண்டாம் மிஸ்! ப்ளீஸ் மிஸ்! நாளைக்கு மட்டும் முன்னாடி உட்கார்றேன். அப்புறம் என்ன பனிஷ்மென்ட் வேணா குடுங்க!"

இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? டீச்சர் நிமிர்ந்தாள். வாசலில் மொத்த வகுப்பும் வந்து நின்றிருந்தது.

"பெல்லே அடிக்கலை, அதுக்குள்ள எதுக்குக் கும்பலா வந்து நிக்கறீங்க? மிரட்டறீங்களா?"

சந்தீப் ஏதோ சொல்ல வந்தான். மஹதி அவனை முறைத்து அடக்கினாள்.

அவ்வளவுதான். இந்தத் தாளைப் பிரின்சிபால் மேஜையில் போட்டுவிட வேண்டியதுதான். சர்ரென்று அட்டையிலிருந்து கிழித்தாள்.

"மிஸ், திருப்பிப் பார்க்காதீங்க மிஸ்!" மஹதி அழுதேவிட்டாள்.

டீச்சர் திருப்பினாள். பின்பக்கம் குண்டு குண்டான ஆங்கில எழுத்தில் டியூட்டிக்கான விதிகள்.

'பின்னால் யார் பதில் சொன்னாலும் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, திரும்பச் சொல்ல வேண்டும். பெல் அடித்ததும் எழுந்து நிற்க வேண்டும். மிஸ்ஸுக்குக் காது கேட்கவில்லை என்பது பிரின்சிபாலுக்குத் தெரியவே கூடாது. பாவம், மிஸ்ஸுக்கே இன்னும் தெரியாது. அவங்களுக்கும் தெரிய வேண்டாம்.'