அங்கேயும் ஒரு கணக்கக்கா

சிட்டு என்ற குட்டி நிரலுக்கு இரண்டையும் மூன்றையும் பெருக்கக்கூடத் தெரியாது. அது பிறந்த கணினியில் கணக்கக்கா என்றொரு பொது நூலகம் இருந்தாள்; நூலகம் என்றால் இங்கே புத்தகசாலை இல்லை, மற்ற நிரல்களுக்கு வேலை செய்து தரும் பொது நிரல். எந்த நிரல் போய்க் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பெருக்கித் தருவாள்.

சிட்டு வேறொரு கணினிக்குப் புறப்பட்டது. நிரல்களைக் கோத்துக் கட்டி அனுப்பும் இணைப்பி கேட்டது: "அக்காவையும் கையோட கூட்டிட்டுப் போறியா, பேரை மட்டும் எழுதித் தரட்டுமா?"

"பேரு போதும். அந்தப் பாரத்தை யாரு சுமக்கிறது? அங்கேயும் ஒரு கணக்கக்கா இருக்காங்களாமே."

இருந்தாள். பெயர் அதேதான், ஆள்தான் வேறு. வேறெங்கும் நகல் இல்லாத மழைக்கணக்கு எண்களைச் சிட்டு நம்பிக்கையோடு அவள் முன்னால் பரப்பியது.

"அக்கா, இதையெல்லாம் கொஞ்சம் பெருக்குங்க."

"அதுக்கென்ன கண்ணு" என்று அவள் துடைப்பத்தை எடுத்தாள். ஒரே வீச்சில் எண்கள் அத்தனையும் வெளியே போய் விழுந்தன.

"ஐயோ, என்னக்கா பண்றீங்க!"

"நீதானே பெருக்கச் சொன்னே?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்தாள்.

"எல்லாம் சுத்தமாயிடுச்சு. அந்த மூலைல மட்டும் ஏதோ ஒண்ணு கிடக்கே."

மூலையில் சிட்டுதான் நின்றுகொண்டிருந்தது.