நாலாவது பாட்டில்

"பங்க்காரன் எவ்ளோ குடுத்தான்? அதைச் சொல்லிட்டு வண்டிய விட்டு எறங்கு!"

கிருஷ்ணவேணி வண்டியின் பின்னாலிருந்த ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டியில் இருந்த சகாய பிரவீன் காலை ஊன்றி நின்றான். பாவம், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்காக்கா? அந்த பங்க்ல நான் ஒரு டீகூட குடிச்சதில்லக்கா!"

"அப்புறம் எப்படி மூணு மாசமா 'தண்ணியில ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னே ரிப்போர்ட் வருது?"

நியாயமான கேள்விதான். மயிலம் ரோட்டில் பெட்ரோல் பங்க். அதன் மதிலை ஒட்டி கிருஷ்ணவேணி வீடு. பங்கில் பூமிக்கடியில் இருந்த டேங்க் ஓட்டையாகி, எத்தனை நாள் கசிந்ததோ யாருக்குத் தெரியும். இவள் வீட்டு போர்வெல்லில் மோட்டார் போட்டாலே மண்டையைப் பிளக்கிற வாடை.

மகள் பானுப்ரியா அந்தத் தண்ணியைக் குடித்துவிட்டு வாந்தியெடுத்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். அதற்கப்புறம்தான் தெருவுக்கு லாரித் தண்ணி வந்தது. மாசம் ஒருமுறை போர் தண்ணியை லேபில் சோதித்துப் பார்க்கவும் உத்தரவு வந்தது. திண்டிவனத்திலிருந்து வந்து பாட்டிலை எடுத்துப் போவது பிரவீன் வேலை.

இன்றைக்கு நாலாவது பாட்டில். இதுவும் சுத்தம் என்று வந்தால் லாரியை நிறுத்திவிடுவார்கள். மறுபடியும் அந்த போர் தண்ணிதான். அதை நினைத்து நினைத்தே கிருஷ்ணவேணிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"விடாத கிருஷ்ணவேணி, கேளு!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அமலோற்பவமேரி குரல் கொடுத்தாள். பக்கத்து வீடு. அவளுக்கும் அந்த லாரிதான் கதி.

"ஊர் தண்ணி டேங்க் ஆபரேட்டர் சுப்பராயலு அண்ணன் எங்க போர் தண்ணிய ஒரு வாய் வெச்சுப் பாத்துட்டு, தூன்னு துப்பிட்டு ஓடுனாரு. அவரு நாக்குக்குத் தெரியறது உங்க மிஷினுக்குத் தெரியலியா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"எனக்கும் அதான்க்கா புரியல. இங்க நின்னா எனக்கே வாடை அடிக்குது. லேப்ல ஒண்ணுமே காட்டல. அதே யோசனையா இருந்துச்சு. ஒம்போது மணிக்கு வர்றவன் இன்னிக்கு ஏழு மணிக்கே வந்துட்டேன் பாருங்க."

"நடிக்காத! நடுவழியில பாட்டில மாத்திக்கினு போற நீ!"

பிரவீனுக்கு முகம் சுண்டிப்போனது. "மாதா மேல சத்தியமா இல்லக்கா."

"மாதாவ ஏன்டா இதுல இழுக்கற?" என்று வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

காசு வாங்குகிற ஆள் இல்லைதான் அவன். ஆனால் அவன் மேலும் ஒரு தப்பு உண்டு. தண்ணியை அவனேதான் பிடிக்க வேண்டும். ஒரே காலையில் இருபது போர் சுற்ற வேண்டியிருக்கிறதே என்று, முந்தின நாளே காலி பாட்டிலைக் கொடுத்து, "காலைல மோட்டார் போட்டதும் நீங்களே ரொப்பி வெச்சிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

"சரிக்கா, நீங்களே என்கூட திண்டிவனம் வாங்க. ஐஸ் பெட்டி உங்க மடியிலயே இருக்கட்டும். உங்க கையாலயே லேப்ல குடுங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடுவதாக இல்லை.

"வர்றேன், எனக்கென்ன பயம்? பானு, நான் வர்ற வரைக்கும் மேரி அத்தை வீட்ல இரு!"

உள்ளே போய், பாட்டிலை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். ஐஸ் பெட்டியில் வைக்கலாம் என்று அதைத் தொட்ட பிரவீன் சட்டென்று கையை உதறினான்.

"இன்னாக்கா, பாட்டில் இந்தச் சூடு சுடுது?"

"இப்பதானே எறக்கினேன். நீ வர்றதுக்குள்ள ஆறிடும்னு பாத்தேன். நீதான் ஜல்தியா வந்து நிக்கற."

"எறக்கினீங்களா? எதுலேர்ந்து?"

"அடுப்புலேர்ந்துதான். தளதளன்னு கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியில வடிகட்டித்தான் மாசாமாசம் ஊத்தறேன். ஏன்?"

பிரவீன் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போச்சுக்கா! பெட்ரோல் சூடு பட்டா ஆவியாப் போயிடும். உங்க அடுப்புலயே எல்லாம் பறந்துபோச்சு. அப்புறம் லேப்ல இன்னா காட்டும்?"

"அடிப்பாவி!" அமலோற்பவமேரி வாயில் கை வைத்தாள். "உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கினு, இந்தப் புள்ளயப் போய்த் திட்டினியேடி!"

கிருஷ்ணவேணி கையிலிருந்த பாட்டிலைக் குனிந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில எந்தத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சிக் குடுங்கன்னு சொன்னாங்க... காய்ச்சினா கெடுதல்தான் போவும், பெட்ரோல் எங்க போவும்னு நெனச்சேன்..."

கண்ணில் தண்ணி கொட்டியது. அவனுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"அழாதீங்கக்கா. தப்பு என் மேலதான். நான் பக்கத்துல நின்னு புடிச்சிருந்தா இது நடந்திருக்குமா? மோட்டார போடுங்க, இப்பவே நானே புடிக்கறேன்."

பையிலிருந்து புது பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறந்தவன், மனசு கேட்காமல் கேட்டுவிட்டான்.

"ஆனா ஒண்ணுக்கா. டெஸ்ட்டுக்குத்தானே போவுது? அந்தத் தண்ணிய எதுக்குக்கா காய்ச்சுனீங்க?"

இதுகூடவா தெரியாது என்பது போல் அவனைப் பார்த்தாள் கிருஷ்ணவேணி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க லேப்ல யாராவது ஒரு புள்ள வாயில வெச்சுத்தானே பாக்கும் தம்பி? என் பானு பட்ட பாடு அதுக்கும் வரணுமா?"