பச்சைக் கோட்டின் நுனி

பச்சைக் கோடு தரையிலிருந்து கிளம்பி வானத்தில் போய் நின்றது.

"அதோ, அந்த நுனியில மேடம். அதுதான் உங்க குஸாலி."

அவளுக்குப் புரியவில்லை.

மெத்தையில் மல்லாந்து கிடந்தாள். கழுத்துவரை கம்பளி. மெத்தைக்கு அடியில் தேரிக்காட்டுச் செம்மணல். சற்றுத் தள்ளித் தள்ளி வேறு மெத்தைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. நட்சத்திரம் பார்க்க வந்தவர்களின் கூடாரங்களில் விளக்கை அணைத்துவிட்டார்கள். செல்போனைத் திறக்கவே கூடாது என்று சாப்பாட்டின்போதே சொல்லியாயிற்று. இருட்டுக்குத்தான் இங்கே விலை.

நட்சத்திரம் காட்ட பெங்களூரிலிருந்து வந்திருந்த நிகில் பச்சை லேசரைப் பிடித்தபடி காத்திருந்தான்.

பக்கத்தில் படுத்திருந்த கணவன் அவள் பக்கம் திரும்பினான்.

"சர்ப்ரைஸ், பூரணி. பாப்பா பேருல ஒரு நட்சத்திரம் வாங்கியிருக்கேன். பதிவெல்லாம் ஆயிருச்சு."

குழலி.

இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்ட மகள்.

கணவன் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருப்பான். பெங்களூர்க்காரன் எழுத்தைப் பார்த்து வாசித்துவிட்டான். அதில் அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பெற்ற அப்பன், இவன் திருத்தவில்லை.

"குழலி," என்றாள் இருட்டைப் பார்த்து. "ழ."

"சாரி மேடம். குஸலி."

இப்போதும் இவன் திருத்தவில்லை.



காரியம் முடிந்து ஒரு மாதம் அவள் சிவகாசியில் அம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது பிள்ளையின் அறைக்குப் புது வெள்ளை அடித்திருந்தது. கட்டில் இல்லை. பள்ளிக்கூடப் பை இல்லை. முன்கூடை வைத்த சைக்கிள் இல்லை. ஒரு ரிப்பன் துண்டுகூட விட்டுவைக்கவில்லை.

பார்த்துப் பார்த்து அழுதுகொண்டே இருப்பாய், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்றான்.

யாருக்கு என்று கேட்க அன்றைக்குத் தெம்பில்லை. பிறகு கேட்டபோதெல்லாம் எழுந்து வெளியே போனான். மகளின் பெயர் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லாமல் போயிற்று.

தொடக்கூடிய அத்தனையையும் தூக்கிக் கொடுத்தான். இன்றைக்கு, தொடவே முடியாத ஒன்றை வாங்கி வந்து நிற்கிறான்.

எழுந்து உட்கார்ந்தாள்.

"சைக்கிள யாருக்குக் குடுத்தீங்க?"

"என்னது?"

"பாப்பா சைக்கிள். யாருக்குக் குடுத்தீங்க?"

"மெதுவாப் பேசு. ஆளுக இருக்காங்க."

"இருக்கட்டும். எந்த ஊரு? எந்தப் புள்ள ஓட்டுது? நான் திருப்பிக் கேக்க மாட்டேன். ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன். அவ்வளவுதான்."

நிகில் பச்சைக் கோட்டை அணைத்தான்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டு நேராக அவன் முகத்தில் பிடித்தாள்.

மெத்தைகளில் சலசலப்பு.

"ஹலோ! யாருங்க அது? லைட்ட அணைங்க!"

நிகில் ஓடி வந்தான். "மேடம், ப்ளீஸ். இருட்டுக்குக் கண்ணு பழக அரை மணி நேரம் ஆகும். எல்லாருக்கும் கெட்டுரும்."

"கெடட்டும்."

வெளிச்சத்தில் கணவனின் கண்கள் இடுங்கின. அவன் கையால் மறைத்துக்கொள்ளவில்லை.

"யாருக்கும் குடுக்கல."

அவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"மில்லுல இருக்கு. பழைய சாக்கு ரூம்ல. எல்லாமே இருக்கு."

விருதுநகர்ப் பருப்பு மில். லோடு வராத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவன் கிளம்பிப் போன மில். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் தூசியாக இருக்கும். வேலை என்று நினைத்து அலசிப் போட்டிருக்கிறாள். சோறு போட்டிருக்கிறாள். பாவம், வேலையிலாவது மறந்திருக்கட்டும் என்றுகூட நினைத்திருக்கிறாள்.

அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான்.

அவளை வெள்ளையடித்த நாலு சுவரோடு விட்டுவிட்டு.

"தொட்டுப் பாப்பீங்களா?"

தலையசைத்தான்.

"துணியெல்லாம்?"

அதற்கும் ஆமென்று தலையசைத்தான். தாடை நடுங்கியது. அழப்போகிறான் என்று தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்தத் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். இப்போது அந்த நடுக்கமே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. துக்கத்தைக்கூடப் பங்கு வைக்காமல் முழுதாக எடுத்துக்கொண்டவன்.

கம்பளியை உதறிவிட்டு எழுந்தாள். மணலில் பாதம் புதைந்தது. அவனும் தடுமாறி எழுந்தான்.

அவள் கையை நீட்டினாள்.

"இந்நேரத்துலயா?" என்றான். அவள் கை மடங்கவில்லை. பையைத் துழாவிக் கார்ச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். "சரி, கிளம்புவோம். வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

சாவியை அவள் மணலில் போட்டாள். மறுபடி கையை நீட்டினாள்.

"லைட்டு! லைட்டு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் கை இடுப்பில் தொங்கிய மில் சாவிக்கொத்துக்குப் போனது. அதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றது.

அவள் டார்ச்சை இறக்கவில்லை.