பக்கத்து வீட்டு இங்கிலீஷ்

கதவை உதைத்துத் திறந்தபோது இருளம்மாள் கையில் வாழைத்தார் வெட்டும் அரிவாள் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அப்படியொரு அலறல், கூடவே தொம் தொம்மென்று அடி விழும் சத்தம். சகாயராணியை யாரோ கொல்கிறார்கள் என்றுதான் போட்டது போட்டபடி ஓடிவந்திருந்தாள்.

உள்ளே கொலையும் இல்லை, ரத்தமும் இல்லை. சுவரில் மாட்டிய பெரிய டிவியில் ஒரு வெள்ளைக்காரன் ஒரு வெள்ளைக்காரியின் தலையை மேசையில் மோதிக்கொண்டிருந்தான். பாயில் உட்கார்ந்திருந்த சகாயராணி, அந்த வெள்ளைக்காரி அலறுவதையெல்லாம் கூடவே அலறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அரிவாளைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, இவ இங்கிலீஷ் பழகுறா" என்றான் அவள் புருஷன் ஆல்பர்ட். அவன் பள்ளிக்கூட வாத்தியார். சகாயராணி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள்.

நெட்டில் வரும் கொலைத் தொடர்களைப் பார்த்துக் கூடவே பேசினால் நாக்கு தானாகத் திரும்பிவிடும் என்று ஆல்பர்ட் விளக்கினான். அவள் பாஸாகும்வரை அந்த வீட்டில் தமிழுக்குத் தடையாம். இந்தத் தடவையும் ஃபெயிலானால் தன்னால் வெளியே தலைகாட்ட முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

மறுநாள் மார்க்கையன்கோட்டை முழுக்க இதே பேச்சு. டிவிக்குள் இருக்கிறவனை வெட்டப் போனாயாமே என்று பலசரக்குக் கடையில் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். இருளம்மாளுக்கு மானம் போயிற்று.

ஆனாலும் சகாயராணி மேல் கோபம் வரவில்லை. மண்வெட்டி பட்டுக் கால் சீழ்பிடித்துக் கிடந்தபோது, கூப்பிடாமலே தினமும் வந்து கட்டுப் போட்டுவிட்ட பிள்ளை அது. பெற்ற மகளைப்போல அவள் மேல் இவளுக்கு உயிர். அவளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்றுதான் ஓடினாள். இனி எவள் கத்தினாலும் வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டாள்.

அலறல் மட்டும் நின்றபாடில்லை. கேட்டுக் கேட்டு இருளம்மாளுக்கே பாதி இங்கிலீஷ் வந்துவிட்டது. 'ப்ளீஸ்' என்றால் கெஞ்சுகிறாள், 'ஹெல்ப்' என்றால் ஆள் கூப்பிடுகிறாள். கழுத்தை நெரிக்கிற நேரம் பார்த்துப் பாட்டும் கூத்துமாக ஒரு சோப்பு விளம்பரம் வந்து நிற்கும், அதுதான் அவளுக்கு எரிச்சல். கொஞ்ச நாளாக அந்தத் தொல்லையும் இல்லை. காசு கட்டினால் விளம்பரம் வராதாமே, வாத்தியார் கட்டிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னமனூரில் கடை வைத்திருக்கும் மருமகன் தங்கபாண்டி விருந்துக்கு வந்திருந்தான். இலையில் சோற்றைப் போட்டு நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றினாள். அவன் முதல் வாய் வைப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ பலமாக வந்து மோதியது.

"நோ... ப்ளீஸ்... ஹெல்ப் மீ" என்று ஒரு பெண்குரல் கிழிந்தது. ஓர் ஆண்குரல் இங்கிலீஷில் உறுமியது. அடுத்தடுத்து அடி விழுந்ததில் இந்தப் பக்கச் சுவரின் சாமி படம் ஆடியது.

தங்கபாண்டி பதறி எழுந்தான். இருளம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரண்டியும் கையுமாக வழியை மறித்துக்கொண்டாள்.

"உக்காருங்க மாப்ள. அது வாத்தியாரு வீட்டு டிவி. அந்தப் புள்ள அதப் பாத்துத்தான் இங்கிலீஷ் படிக்குது."

தானும் இப்படித்தான் அரிவாளோடு ஓடி அசிங்கப்பட்டதை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவன் உட்காரவில்லை. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. எந்த வாத்தியார், ஆல்பர்ட் சாரா என்று கேட்டான். இருளம்மாள் தலையாட்டினாள்.

அந்தப் பக்கம் இன்னொரு அடி விழுந்தது. ஹெல்ப் என்று தொடங்கிய குரல் பாதியிலேயே நின்றுபோனது.

"அத்தை, ஸ்கிரீன் ஒடஞ்சுபோன அவுக டிவி போன வாரத்துலருந்து என் கடையிலல்ல ரிப்பேருக்குக் கெடக்கு."