செப்புக் கம்பி

"எந்த ஃபியூஸ்மா போகுது? பெட்டியோடதா, வீட்டோடதா?" மெக்கானிக் கேட்டார்.

"வீட்டோடதுதான் தம்பி. இந்த மாசம் மட்டும் ஆறு தடவை." பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை மேஜையில் இறக்கி வைத்த நர்ஸம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

மெக்கானிக் ஸ்குருடிரைவரைக் கையில் எடுத்தார். பெட்டியில் கோளாறு என்றால் பெட்டியின் ஃபியூஸ்தான் முதலில் போக வேண்டும். அதைத் தாண்டி வீட்டு ஃபியூஸ் போகிறதென்றால்...

"இதை எங்கே வச்சிருக்கீங்க?"

"அக்கா கட்டில் பக்கத்துல. அவளுக்குக் கைகால் வராது. நான் டியூட்டிக்குப் போனா பாட்டுதான் துணை. வெளியே பூட்டிட்டுத்தான் போவேன்."

அவசர அவசரமாக அடித்தட்டைக் கழற்றி மேஜையில் போட்டார். பயந்தபடியே ஆகியிருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செப்புக் கம்பி. மரப்பெட்டியின் ஓரம் கரிந்து கிடந்தது.

பூட்டிய வீடு. எழுந்திருக்க முடியாத அக்கா.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா வீடே எரிஞ்சிருக்கும்மா. எந்தப் படுபாவி இந்தக் கம்பியைக் கட்டினான்? அவனைப் பிடிச்சு உள்ளே தள்ளணும்."

நர்ஸம்மா அவரைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட மேனேஜரைப் பார்த்தாள். பள்ளி அரங்கத்து மைக்செட்டை மெக்கானிக்கை நம்பி ஒப்படைக்கலாமா என்று விசாரிக்க வந்தவர். அவள் உள்ளே வந்தபோது அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் தம்பி," என்றாள். "ஃபியூஸ் நிக்கவே மாட்டேங்குதேன்னு, ஒரு அவசரத்துக்கு..."

மேனேஜர் சும்மா இருப்பாரா?

"நர்ஸ் வேலை பார்க்கிறவங்க செய்யிற காரியமா இது? கூடப் பொறந்தவளையே கொல்லப் பார்த்திருக்கீங்களே."

அவள் தலையைக் குனிந்தபடி திட்டை வாங்கிக்கொண்டாள்.

மெக்கானிக் கம்பியை வெட்டி எடுத்தார். சூடேறினால் ஷார்ட் ஆகிற பழைய கண்டென்சர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அதை மாற்றினார். சரியான ஃபியூஸைப் போட்டார். அடித்தட்டை மூடப்போனவர் அதைத் திருப்பினார்.

உள்பக்கம் ஒரு சீட்டு. 'இனி ஃபியூஸ் போகாது.' எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே ஒரு கையெழுத்து.

அவர் அந்தக் கையெழுத்தை மறுபடி பார்த்தார்.

நர்ஸம்மா எட்டி, உள்ளங்கையால் சீட்டை மறைத்தாள். "மூடிடுங்க தம்பி," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

மேனேஜர் இன்னும் நிறுத்தியபாடில்லை.

மெக்கானிக் அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

"சார், அவங்களைத் திட்டாதீங்க. இது என் கையெழுத்து. கம்பியைக் கட்டினது நான்தான்."